ஒரு பக்கத்துக்கு ஒரு பூச்சி

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கைவேலையை அப்படியே வையுங்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் தணித்துவிட்டு வாருங்கள். இன்றைக்கு நான் சொல்வது ஒரே ஒரு புதன்கிழமையின் கதை. விடிந்ததும் தொடங்கி மதியம் மூன்று மணியோடு முடிந்துவிடும். ஆனால் அதற்குள் நம் பிழைக்காரி எத்தனை பேரைச் சந்தேகப்பட்டாள் என்று எண்ணப் போனால் உங்கள் விரல் போதாது, என் விரலையும் கடன் கேட்பீர்கள்.

போன வாரம் விட்ட இடம் மறந்திருந்தாலும் பாதகமில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளை, அச்சுக்குப் போகும் முன் வீட்டிலிருந்தே பிழை பார்த்துக் கொடுப்பவள் அவள். பிழைக்காரி என்பது புருஷன் ஆசையாக வைத்த பெயர். அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பிள்ளைகள் இரண்டு. பதின்மூன்று வயதில் மூத்தவன். ஒன்பது வயதில் ஒரு பெண், உருவத்தைப் பார்த்து எல்லாரும் கடுகு என்பார்கள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. சமையலறை மேசைதான் வகுப்பு, அம்மாதான் வாத்தியார்.

வாரம் ஒரு நாள் மட்டும் வெளியே போவார்கள். இப்படி வீட்டிலேயே படிக்கும் பதினோரு பிள்ளைகள் புதன்கிழமைதோறும் ஒன்றுகூடும் சங்கம் அது. பூச்சி சேகரிப்பு, சதுரங்கம், பழைய இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவது, புத்தக வட்டம் என்று பொழுது போகும்.

அந்த வீட்டுக்குத்தான் போன வாரம் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'உங்கள் மகளின் படிப்பு பற்றி எங்களுக்கு ஒரு தகவல் எழுதப்பட்டுள்ளது. புதன்கிழமை சங்கத்திலேயே வந்து பார்க்கிறோம். திருப்தி இல்லையென்றால் அடுத்த பருவத்திலிருந்து அவள் பள்ளியில் சேர வேண்டியிருக்கும்.'

எழுதியது யார்? ஐந்து நாளாகப் பிழைக்காரி இதே கேள்வியோடுதான் படுத்தாள், இதே கேள்வியோடுதான் எழுந்தாள்.

கடிதம் வந்ததும் சங்கத்திலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்த கடுகின் கோப்பைப் புதன்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் மேசையில் விரித்துவிட்டாள். முதல் சந்தேகம் கோப்பைக் கட்டியிருந்த நாடாவிலேயே தொடங்கிற்று. அவள் எப்போதும் இறுக்கி ஒற்றை முடிச்சுப் போடுவாள். இதில் வண்ணத்துப்பூச்சி மாதிரி இரண்டு காது வைத்து யாரோ கட்டியிருந்தார்கள்.

உள்ளே புத்தக வட்டத்துக்காகக் கடுகு எழுதிய கதைச் சுருக்கங்கள் ஏழு. பிழைக்காரி ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எழுத்தெல்லாம் இடது பக்கமாகச் சாய்ந்து, காற்றடித்த செடி மாதிரி நின்றது. கடுகின் எழுத்து சாயாது. பார்த்து எழுதுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை; புத்தகத்து எழுத்தையே பெயர்த்து வைத்தாற்போல நேராக இருக்கும்.

"கடுகு, இது யார் எழுதினது?"

கடுகு பால் டம்ளருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டாள். "நான்தான்."

"உன் எழுத்து இப்படிச் சாயாதே?"

"சங்கத்துல பெஞ்சு சாய்வா இருக்கும்மா."

மூத்தவனுக்குப் புரையேறிற்று. அம்மா ஒரு பார்வை பார்த்ததும் அவன் எழுந்து சாக்ஸ் தேடப் போய்விட்டான்.

தன் மகள் பொய் சொல்கிறாள் என்று பிழைக்காரி நினைக்கவே இல்லை. யாரோ பொய்த் தாளை எழுதிக் கோப்புக்குள் செருகியிருக்கிறார்கள், மகளை மிரட்டியும் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். அதிகாரி வரும் நாளில் கோப்பைப் பிரித்து, இது இவள் எழுத்தே இல்லை என்று அவர்கள் காட்டினால் போதாதா, பிள்ளையை மாட்டிவிட?

கோப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று, கோப்புகளைச் சங்கத்து அலமாரியில் பூட்டி வைக்கும் பல் டாக்டரம்மா. சங்கத்தை நடத்துவது அவர்தான். இன்னொன்று நாத்தனார். புருஷனுடைய அக்கா, இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட டீச்சர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதது தன் முகத்தில் கரி பூசியதாக அவருக்கு நினைப்பு என்று பிழைக்காரியே முடிவு கட்டியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தவர் இதே மேசையில் அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, உங்க அக்கா அன்னிக்கு இந்தக் கோப்பைத் தொட்டாங்களா?"

புருஷன் வாசற்கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "அக்கா எதைத்தான் தொடல? பிரிட்ஜைக்கூடத் திறந்து அடுக்கி வெச்சுட்டுப் போச்சு." பையிலிருந்து ஒரு உறையை நீட்டினார். "கம்பெனி லெட்டர் ஒண்ணு வந்திருக்கு, படிச்சுச் சொல்லேன். கைல கிரீஸ்."

கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். கடிதம் வந்தால் அவள் படிப்பாள். சாயங்காலம் அவர் வேலை அறிக்கையைச் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுவாள். மேலே பச்சைக்கோடு ஓடும் தாள், இடது பக்கம் இரண்டு துளை. அந்தத் தாளில் எத்தனை எழுதியிருப்பாளோ. 'உன் கையெழுத்துல போனாத்தான் ஆபீஸ்ல எனக்கு மதிப்பு' என்பார். 'நீ படிச்சாத்தான் விஷயமே விளங்குது' என்பார். ஊரில் எந்தப் புருஷன் இப்படிச் சொல்கிறான்? அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

"ஷிப்டு மாத்தியிருக்காங்க. இன்னிக்கு ரெண்டு மணியோட வேலை முடியுது."

"அப்ப மூணு மணிக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவர் என்றைக்கும் சங்கத்துக்கு அழைக்க வந்ததில்லை. பிழைக்காரி அதையும் மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது. நாத்தனார்தான்.

"இன்னிக்குத்தானே அந்தம்மா வர்றாங்க? நான் லீவு போட்டிருக்கேன். துணைக்கு வரட்டுமா?"

"உங்களுக்கு யார் சொன்னது அண்ணி?"

"தம்பிதான் சொன்னான்."

பிழைக்காரி திரும்பிப் பார்த்தாள். கீலில் எண்ணெய் வழிந்து தரைக்கே வந்துவிட்டது, மனிதர் இன்னும் விட்டுக்கொண்டே இருந்தார்.

"வேண்டாம் அண்ணி. நான் பார்த்துக்கறேன்."

"சரி. ஒண்ணு மட்டும் சொல்றேன். குழந்தையைத் திட்டாதே."

எதற்குத் திட்ட வேண்டும்? திட்டும்படி என்ன இருக்கிறது என்று இவருக்கு எப்படித் தெரியும்? போனை வைத்த பிறகும் பிழைக்காரியின் கை அதன் மேலேயே இருந்தது.

சங்கம் நடப்பது ஒரு சலவைக் கடைக்கு மேலே. கீழே பெரிய பெரிய இயந்திரங்கள் சுற்றுவதால் மேல் அறையின் தரை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடுவார்கள். சோப்பு வாசனை. ஒரு ஓரத்தில் மடக்கு நாற்காலிகளும் சதுரங்கப் பலகைகளும் கிடக்கும் சின்ன இடம், அதை மறைக்க ஒரு பழுப்புத் திரை.

ஒவ்வொரு வாரமும் பெற்றோரில் இரண்டு பேர் கூடவே இருக்க வேண்டும், மற்றவர்கள் போய்விட வேண்டும் என்பது சங்கத்து விதி. இன்று பிழைக்காரியின் முறையே இல்லை. 'இன்னிக்கு நீங்க இருந்தா நல்லாயிருக்கும்' என்று பல் டாக்டரம்மா முந்தின நாளே முறையை மாற்றி வைத்திருந்தார். ஏன் நல்லாயிருக்கும்? யாருக்கு நல்லாயிருக்கும்?

"வாங்க வாங்க," என்றார் பல் டாக்டரம்மா. கிளினிக்கிலிருந்து நேரே வந்தவர் போல முகமூடி தாடையில் தொங்கிற்று. "பதற்றப்படாதீங்க. ரெண்டே நிமிஷம், வலியே தெரியாது."

"எனக்குப் பல்லு நல்லாத்தான் இருக்கு," என்றாள் பிழைக்காரி.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் ஏதோ இருப்பதாக இவளுக்குப் பட்டது. அலமாரிச் சாவி அவர் கழுத்துக் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

பூச்சி மேசையில் பிள்ளைகள் குவிந்திருந்தார்கள். ஆளுக்கொரு அட்டைப்பெட்டி. செத்துக் கிடந்த வண்டு, தட்டான், அந்துப்பூச்சி எல்லாம் ஊசி குத்திப் பெயர் ஒட்டி நிற்கும். பல் டாக்டரம்மாவின் மகளுக்கு வயது பதினொன்று, உயரத்தால் நெட்டை என்றே பெயர். அவள் பெட்டிதான் எல்லாவற்றிலும் அழகு. ஆனால் பிழைக்காரி ஒரு விஷயத்தைக் கவனித்தாள். ஒரு ஈ பறந்து வந்து கையில் உட்கார்ந்ததற்கே அந்த நெட்டை நாற்காலி மேல் ஏறிவிட்டாள். பூச்சியைக் கண்டால் இப்படி அலறுகிறவள் இருபத்தேழு பூச்சிக்கு ஊசி குத்தினாளா?

மத்தியானம் இரண்டு மணிக்குக் கடுகு பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தாள். மேசைக்குக் கீழே அது நெட்டையின் கைக்குப் போயிற்று. இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக, ஒன்றுமே நடக்காத மாதிரி, திரைக்குப் பின்னால் நழுவினார்கள்.

பிழைக்காரி செருப்பில்லாத காலோடு பின்னாலேயே போனாள். தரை சுட்டது. திரைக்கு இந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

நெட்டை தாழ்ந்த குரலில் வேகமாகப் படித்துக்கொண்டிருந்தாள். வாடகைக்கு வீடு தேடிப் போன ஒரு கரடியின் கதை. இந்த மாதப் புத்தக வட்டத்துக்குக் கொடுத்த புதுப் புத்தகம். நெட்டை நிறுத்தியதும் கடுகின் குரல் அதை அப்படியே திருப்பிச் சொல்லிற்று. ஒரு வார்த்தை தவறவில்லை.

"அடுத்த பக்கம்," என்றாள் கடுகு.

"பூச்சி தீர்ந்துபோச்சு. ஒரு பக்கத்துக்கு ஒரு பூச்சி."

"போன வாரம் குடுத்தேனே பச்சை வண்டு. அது பெருசு. ரெண்டு பக்கத்துக்கு வரும்."

"அதோட ஒரு கால் உடைஞ்சிருந்துச்சுடி."

"ஒட்டித் தரேன். நீ சுருக்கத்தையும் எழுதிடு. அந்த ஆபீசர் வர்றதுக்குள்ள."

திரை விலகியது. இரண்டு பிள்ளைகளும் நிமிர்ந்தன. நெட்டையின் மடியில் ஒரு தாள் இருந்தது. அதில் எழுத்துகள் இடது பக்கம் சாய்ந்து, காற்றடித்த செடி மாதிரி நின்றன.

"உங்கம்மாதான் இப்படிச் செய்யச் சொன்னாங்களா?" பிழைக்காரியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

நெட்டை கண்ணைச் சிமிட்டினாள். "எங்கம்மாவுக்கு எல்லார் பல்லும் தெரியும் ஆன்ட்டி. இது தெரியாது. நாங்க ஏமாத்தல, பேசி வெச்சதுதான். எனக்குப் பூச்சியைத் தொட்டா உடம்பெல்லாம் கூசும். இவளுக்குப் படிக்க..."

கடுகு அவள் தொடையில் கிள்ளினாள்.

"படிக்க என்ன?" என்றாள் பிழைக்காரி. "உனக்குத்தான் நல்லா படிக்கத் தெரியுமே. நேத்துக்கூட ஆறு பக்கம் படிச்சுக் காட்டினியே கடுகு."

"அது வீட்டுப் புத்தகம்மா."

"எல்லாம் புத்தகந்தானே?"

கடுகு கரடியின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வீட்டுப் புத்தகம் பேசும். இது பேச மாட்டேங்குது."

என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்குள் வெளியே பல் டாக்டரம்மாவின் குரல் உயர்ந்தது. "எல்லாரும் வாங்க, ஆபீசர் வந்துட்டாங்க."

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்கில் ஜலதோஷம், காலில் நனைந்த ஷூ. பிள்ளைகளைப் பார்த்துத் தானும் ஷூவைக் கழற்றி, ஈரச் சாக்ஸைச் சூடான தரையில் உலர வைத்துவிட்டு, பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியிலேயே அமர்ந்தார். மடியில் ஒரு நீலக் கோப்பு. பிழைக்காரியின் கண் அந்தக் கோப்பை விட்டு நகரவில்லை. அந்தக் கடிதம் அதற்குள்தான் இருக்க வேண்டும்.

"உனக்குப் பிடிச்ச புத்தகம் எதுனாலும் படிச்சுக் காட்டும்மா," என்றார் கடுகிடம்.

கடுகு பையிலிருந்து வீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். முனை மழுங்கி, அட்டைக்கு இரண்டு தடவை பசை போட்ட புத்தகம். மூத்தவன் படித்து முடித்து இவளுக்கு வந்தது. ஒரு மலையில் மணி அடிக்கும் காவற்காரன் தூங்கிப்போன கதை.

எப்படிப் படித்தாள் தெரியுமா, கண்ணுகளா! காவற்காரன் வந்தால் குரல் கட்டைக் குரலாகிறது, மழை வந்தால் குரல் சிணுங்குகிறது. பூச்சி மேசையிலிருந்த பிள்ளைகள்கூடத் திரும்பிவிட்டன. பிழைக்காரியின் நெஞ்சு விம்மிற்று. பார், எவரோ எழுதினார்களே, வந்து பார் என்று யாரிடமோ மனசுக்குள் சண்டை போட்டாள்.

"அவன் மலைமேல் ஏறினான்," என்று படித்தாள் கடுகு. "மெதுவாக... மெதுவாக ஏறினான்."

பிழைக்காரியின் விம்மல் அப்படியே நின்றுவிட்டது.

புத்தகத்தில் மெதுவாக என்று ஒரு தடவைதான் இருக்கிறது. இரண்டு தடவை சொன்னவன் மூத்தவன். எட்டு வயதில் அந்த இடத்துக்கு வந்தாலே அவனுக்கு நாக்கு இடறும், ஒரு முறை சொல்லி மூச்சு வாங்கி இன்னொரு முறை சொல்வான். அவள் எத்தனை நாள் திருத்தினாள். அது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது.

பக்கத்தில் நின்ற மூத்தவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப இவ மேசைக்கு அடில உக்காந்திருப்பாம்மா," என்று முணுமுணுத்தான். "நான் படிக்கறப்பல்லாம். மூணு வருஷமும்."

ஊருக்கெல்லாம் பிழை பார்க்கிறவளுக்குத் தன் மேசைக்குக் கீழே குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. அதே புத்தகங்கள், அதே வரிசை. மூத்தவனுக்குச் சொல்லிக் கொடுத்ததையே இவளுக்கும் எடுத்தாள். இவள் முதல் நாளே கடகடவென்று ஒப்பித்தபோது பிள்ளைக்கு வரம் என்று எண்ணிக்கொண்டாள். சொல்லச் சொல்ல எழுத வைப்பது பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்று அந்தப் பழக்கமே அவள் வீட்டில் கிடையாது. பார்த்து எழுதினால் போதும் என்பாள். கடுகு பார்த்து வரைந்திருக்கிறாள்.

இப்போது அந்தச் சின்ன விரலைப் பார்த்தாள். குரல் நான்காவது வரியில் இருந்தது, விரல் ஆறாவது வரியில் ஊர்ந்தது.

"ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றார் அதிகாரி. "போய் விளையாடு." கடுகு எழுந்து ஓடினாள். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

இனி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். பேசாமல் நின்றால் போதும். அவர் எழுதிவிட்டுப் போய்விடுவார், கடுகு வீட்டிலேயே இருப்பாள். எழுதிப் போட்டவர் எவரோ, அவர் முகத்தில் கரி. பிழைக்காரிக்கு இதெல்லாம் ஒரு நொடியில் தெரிந்தது. திரைக்குப் பின்னால் தீப்பெட்டியோடு பேரம் பேசிய குரலும் தெரிந்தது.

"அவ படிக்கல," என்றாள்.

பேனா நின்றது.

"ஒப்பிச்சா. எனக்கே இப்பத்தான் தெரியும். அவளுக்கு... என் பொண்ணுக்குப் படிக்க வரல."

பல் டாக்டரம்மா சத்தமில்லாமல் எழுந்து, பிள்ளைகளை அறையின் அந்தக் கோடிக்கு நகர்த்திக்கொண்டு போனார். போகிற போக்கில் பிழைக்காரியின் தோளை லேசாகத் தொட்டார். ஐந்து நாள் சந்தேகப்பட்ட கை அது.

"பக்கத்தை ஒரு வரி தாமதமாத் திருப்பினா," என்றார் அதிகாரி. "நானும் பார்த்தேன். நீங்க சொல்றீங்களான்னு பார்த்துட்டிருந்தேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"வேற மாதிரி எழுதியிருப்பேன்." அவர் மூக்கை உறிஞ்சினார். "குழந்தை சோம்பேறி இல்ல, மக்கு இல்ல. இவ்வளவையும் காதால வாங்கி வெச்சிருக்குன்னா எத்தனை பாடுபட்டிருக்கும். சில பேருக்கு எழுத்து தாள்ல நிக்காது, வழுக்கிட்டுப் போகும். அதைச் சோதிச்சுப் பார்க்க ஆளுங்க இருக்காங்க. ஒரு மாசம் கழிச்சு நான் திரும்ப வர்றேன். அது வரைக்கும் வீட்டுலயா பள்ளிக்கூடமான்னு முடிவு எழுத மாட்டேன். இந்தப் படிவத்தை மட்டும் நிரப்புங்க."

நகல் வைத்த படிவம். பெயர், வயது, பார்வை, காது. ஏழாவது கேள்வி: குடும்பத்தில் வேறு யாருக்காவது படிப்பதில் இதே சிரமம் உண்டா?

'இல்லை' என்று எழுதினாள் பிழைக்காரி. யோசிக்கக்கூட இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

படிவத்தை உள்ளே வைப்பதற்காக அதிகாரி நீலக் கோப்பைத் திறந்தார். தலைகீழாக இருந்தாலும் படிக்கப் பழகிய கண் பிழைக்காரிக்கு. மேலே பச்சைக்கோடு. இடது பக்கம் இரண்டு துளை.

புருஷனுடைய வேலை அறிக்கைத் தாள்.

ஆனால் எழுத்து பிழைக்காரியுடையது இல்லை. உருண்டை உருண்டையாக, கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. நாத்தனாரின் கை. அவ்வளவுதான், ரத்தம் தலைக்கு ஏறியது. தாளையும் திருடி எழுதியிருக்கிறாரா? அப்புறம்தான் வரிகள் கண்ணில் பட்டன.

'என் மகளை ஒருமுறை வந்து பாருங்கள். அவள் அம்மா மேல் தவறு எதுவும் இல்லை. அவளிடம் சொல்ல எனக்கு...'

கோப்பு மூடிக்கொண்டது.

என் மகள். நாத்தனாருக்குப் பெண் பிள்ளை இல்லை. யாரோ சொல்லச் சொல்ல அவர் எழுதியிருக்கிறார். சொன்னவர் ஏன் தானே எழுதவில்லை?

மணி மூன்றாயிற்று. செருப்பு வரிசையில் கடுகு உட்கார்ந்து வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். பிழைக்காரி பக்கத்தில் குந்தினாள்.

"ஏண்டி அம்மாகிட்டச் சொல்லல?"

"நீ பிழை கண்டுபிடிச்சா சிவப்புப் பேனாவால அடிச்சிடுவல்ல," என்றாள் கடுகு, வாரைப் பார்த்தபடியே. "நான் முழுசுமே பிழையா இருந்தா என்ன பண்ணுவ?"

பிழைக்காரி அந்தச் சின்னக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வாரைத் தானே மாட்டிவிட்டாள். ஒரு செருப்புக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

படிகளின் அடியில் புருஷன் நின்றுகொண்டிருந்தார். தலை வாரி, விசேஷத்துக்குப் போடும் சட்டை போட்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், சலவைக் கடை பெஞ்சில், நாத்தனார் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசிப் படியில் நின்றாள் பிழைக்காரி. பதினான்கு வருஷத்துக் கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஹோட்டலில் 'உனக்கு என்ன வேணுமோ அதையே எனக்கும் சொல்லு' என்றது. புது ஊரில் பஸ் வரும்போதெல்லாம் பக்கத்தில் நின்றவரிடம் எங்கே போகிறது என்று கேட்டது. 'நீ படிச்சாத்தான் விளங்குது.' எல்லாவற்றையும் அவள் அன்பு என்று படித்து வைத்திருந்தாள்.

கையிலிருந்த படிவத்தின் நகலை நீட்டினாள்.

"இதுல ஏழாவது கேள்விக்கு நான் தப்பாப் பதில் எழுதிட்டேனோன்னு சந்தேகமா இருக்குங்க. நீங்க படிச்சுச் சொல்லுங்களேன்."

அவர் தாளை வாங்கவில்லை. "கைல கிரீ..." என்று ஆரம்பித்தார்.

பாதியில் நின்றது. இரண்டு பேரும் அந்தக் கைகளைப் பார்த்தார்கள். நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவி, சோப்பு வாசனையோடு, பளிச்சென்று இருந்தன.

கண்ணாடிக்குப் பின்னால் இயந்திரம் ஒன்று சுற்றி முடித்து ஓய்ந்தது. நாத்தனார் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

கடுகு அம்மாவைத் தாண்டி இறங்கி, அப்பாவின் சட்டையைப் பிடித்துத் தன் பக்கமாகக் குனிய வைத்தாள். தன் பையிலிருந்து ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"நெட்டை இன்னும் மேலதான் இருக்கா அப்பா," என்றாள், காதோடு. "நல்லாப் படிப்பா. ஒரு பக்கத்துக்கு ஒரு பூச்சிதான் கேப்பா."

அவர் அந்தத் தீப்பெட்டியைப் பிடித்தபடி மனைவியை நிமிர்ந்து பார்த்தார். வாய் திறந்தது.

அவர் சொன்னது இருக்கட்டும், கண்ணுகளா. மேலே அதிகாரியின் சாக்ஸ் இன்னும் காயவில்லை. படிவம் இன்னும் அவர் மடியில்தான் இருக்கிறது. நீங்கள் போய் அடுப்பைப் பாருங்கள். உங்கள் வீட்டு மேசைக்கு மேலே படிக்கிற பிள்ளையும், கீழே உட்கார்ந்து கேட்கிற பிள்ளையும் ஒன்று போலத் தழைக்கட்டும். சொல்ல முடியாமல் இருப்பவருக்கு உங்கள் வீட்டில் குனிந்து கேட்க ஒரு காது என்றும் இருக்கட்டும்.